ஆட்டின் இல்லையா?

அன்று மதியம் நான் கடிகாரத்துக்கும் ஜன்னலுக்குமாகப் பதினோரு தடவை நடந்தேன். நாலரைக்கு இறுதிப் போட்டி. பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் ஜோடியாக ஆடும் அம்மாவையும் ஓல்கா அத்தையையும் அடித்துக்கொள்ள வியன்னாவிலேயே ஆள் கிடையாது. இன்று ஜெயித்தால் ஸ்டாக்ஹோமில் நடக்கும் சர்வதேசப் போட்டிக்குப் போகலாம். அதற்காக அம்மா மூன்று வருடமாகக் காத்திருக்கிறாள். ஆனால் இருவருக்கும் நான்கு நாளாகப் பேச்சே இல்லை!

எல்லாம் ஒரு சீட்டால் வந்த வினை. ஒருவர் ஆட்டின், அதாவது சிவப்பு இதயம் போட்ட சீட்டு, இறக்கினால், ஆட்டின் வைத்திருப்பவர்கள் அதைத்தான் போட வேண்டும். வேறு போட்டால், "ஆட்டின் இல்லையா?" என்று கூட்டாளி கேட்டுக் காப்பாற்றலாம். ஞாயிறன்று அம்மா ஞாபகமில்லாமல் வேறு சீட்டைப் போட்டாள். அத்தை கேட்கவில்லை. இரண்டு பிடி அபராதம்.

"நீ ஏன் கேக்கல?"

"உனக்குக் கண்ணு இல்லியா?"

அதோடு சரி.

அப்பா கெஞ்சியதால் போட்டிக்கு முன் ஒரு கை ஆட இருவரும் உட்கார்ந்தார்கள். எதிர்க்கட்சி அப்பாவும் நானும். "இது முடிஞ்சதும் போட்டிக்கு வரலேன்னு சொல்லிடுவேன்" என்று அம்மா காலையிலேயே அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

அத்தை ஆட்டின் இறக்கினாள். என்னிடம் ஒரே ஒரு ஆட்டின் இருந்தது. அப்பா பைப்பைப் பற்றவைக்கும் நேரம் பார்த்து, கிளாவர் சீட்டைப் போட்டேன். அப்பா கவனிக்கவில்லை. மூன்று பிடி கழித்து அந்த ஆட்டினை மெல்ல இறக்கினேன்.

"ஹெட்டி!" அம்மா துள்ளினாள். "இதை வச்சுக்கிட்டா கிளாவர் போட்ட?"

"அப்பா கேக்கலம்மா."

"அவர் கேக்காட்டி என்ன? உன் கைச்சீட்டை நீதான் பாக்கணும்!"

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "குழந்தைய ஏன் திட்டற, ஹெர்மினே? கேக்க வேண்டியது கூட்டாளியோட வேலை. இந்த மனுஷன் வாய்ல பைப்பு இருந்தா எப்படிக் கேப்பார்?"

சட்டென்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாங்கள் சொன்னது தங்கள் காதிலேயே விழுந்துவிட்டது. அம்மாவின் முகம் சிவந்தது.

"அன்னிக்கு என் வாயில கேக் இருந்துது" என்றாள் அத்தை, மேஜையைப் பார்த்தபடி.

"நானும் சீட்டைச் சரியா பாக்கல, ஓல்கா."

"அப்ப என்மேல தப்பில்லையே?" என்றார் அப்பா.

"இருக்கு!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அத்தை என்னை உற்றுப் பார்த்தாள். "ஏய் ஹெட்டி, ஆறு வயசுலகூட நீ இப்படித் தப்பு பண்ணதில்லையேடி?"

நான் அவசரமாகச் சீட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

நாலு மணிக்கு இருவரும் தொப்பியை மாட்டிக்கொண்டு ஒன்றாகக் கிளம்பினார்கள்.

"ஏலத்துல நாலு இஸ்பேட் ஏன் கேட்ட? மூணோட நிறுத்த வேண்டியதுதானே?"

"நீ முதல்ல ஒழுங்கா கேட்டியா?"

மாடிப்படி முழுக்கச் சண்டை. கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். நான் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தேன்.