மிளகும் சீனியும் பழகிய எட்டு நாள்

இரண்டு முயல்களும் ஒன்றையொன்று பார்த்திருந்தால் அழகுமீனா நிம்மதியாகச் சோற்றை வடித்திருப்பாள். அன்று காலையில்தான் கூண்டுகளை எதிரெதிரே நகர்த்தி வைத்தாள். வீட்டு முயலான கறுப்பு மிளகு ஒரு கூண்டில், புதிதாக வந்த வெள்ளைச் சீனி இன்னொரு கூண்டில், நடுவே ஒரு முழம் சிமெண்டுத் தரை. முறைத்துக்கொள்ளும், பின்னங்காலால் தரையைத் தட்டும் என்று எதிர்பார்த்தாள். இரண்டும் மூக்கை ஆட்டிக்கொண்டு வாசல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தன. வாசலில் யாரும் இல்லை. பகல் பதினொன்றரை மணி வெயில் மட்டும் படியேறி வந்து நின்றது.

"அங்கன யாரு இருக்கா?" என்று முயலிடம் கேட்டுவிட்டு, கேட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

விஸ்வநத்தம் ஊர் முழுக்க வேலைக்குப் போயிருக்கும் நேரம் அது. அவள் மட்டும் வீட்டில் இருந்தாள். அவள் பூச்சட்டிக்கு மருந்து செலுத்தும் பட்டாசுக் கம்பெனி மூன்று வாரமாகப் பூட்டிக் கிடக்கிறது. அங்கே ஓர் அறை வெடித்து, எட்டு வருஷமாக அவளோடு ஒரே தூக்குவாளியில் சாப்பிட்ட பாண்டிலட்சுமி செத்துப்போனாள். சீனி பாண்டிலட்சுமியின் முயல். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவள் ஊரான நாரணாபுரம் போயிருந்தபோது, அவள் மகள் இசைவாணியைச் சித்தி ராஜபாளையத்துக்குக் கூட்டிப்போவதாகவும், முயலை வைத்துக்கொள்ள ஆளில்லை என்றும் பேச்சு வந்தது. "நான் கொண்டுபோறேன்" என்று அழகுமீனாவின் வாய் முந்திக்கொண்டது. இருந்தவர்கள் எல்லாம் அவள் மனசைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியை நினைத்தால் இன்னும் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

ஏனென்றால் தட்டை இழுத்தவள் அவள்தான்.

மருந்துத் தட்டைத் தூக்கித்தான் வைக்க வேண்டும், தரையில் உரசவே கூடாது. வேலைக்குச் சேரும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. அன்றைக்கு அவளுக்கு இடுப்பு வலி. கூட இருந்த மற்ற இரண்டு பேரும் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். "ஏ அளகு, தூக்கி வையி" என்று பாண்டிலட்சுமி தலை நிமிராமல் சொல்லி முடிப்பதற்குள், அழகுமீனா தட்டைத் தரையோடு இழுத்துவிட்டாள். சுர்ரென்றது. கதவோரம் இருந்தவள் ஓடிவிட்டாள். சுவரோரம் இருந்தவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. கெண்டைக்காலில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் வந்து, தட்டை இழுத்தது யார் என்று கேட்டார். பாண்டிலட்சுமி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். இப்போது ஊரெல்லாம் அதே பேச்சு. உங்கம்மாதான் ரூமை எரிச்சாளாமே என்று இசைவாணியிடமே யாரோ கேட்டிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை பகலில் ரைட்டர் போன் செய்வார். எழுதியதை வாசித்துக் காட்டுவார். மாற்றிச் சொல்ல அதுதான் கடைசி வாய்ப்பு. இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுவது என்று அழகுமீனா முடிவு செய்திருந்தாள். அவள் புருஷன் மாரிக்கண்ணன் ஆப்செட் பிரஸ்ஸில் காலண்டர் அடிக்கிறவன். அவளுடைய முடிவைக் கேட்டதிலிருந்து அவன் முகம் கொடுத்தே பேசவில்லை. அதைப் பற்றிப் பேசியது ஒரே ஒரு தடவை.

"செத்தவளுக்கு எந்தப் பேரு இருந்தா என்ன? நீ உள்ள போயிட்டா நான் யாரப் பாத்துக்கிட்டு இருப்பேன்?"

முயல்களைச் சேர்க்கும் வழியை, முயல் பண்ணை வைத்திருக்கும் பலவேசம், சீனி வந்த அன்றே சொல்லிக்கொடுத்திருந்தார்.

"ரெண்டும் பொட்டையா தங்கச்சி? அப்ப எடுத்ததும் ஒண்ணா விட்றாதீக, குதறிக்கிரும். மொதல்ல வாசம் பழகணும். இது படுத்த துணிய அதுக்குப் போடுங்க, அது படுத்த துணிய இதுக்குப் போடுங்க. பெறகு கம்பிக்கு அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துக்கிடட்டும். அதுக்கும் பெறகுதான் ஒரே தரையில விடணும்."

"எம்புட்டு நாளாகும்ணே?"

"அது அதுக மனசு."

சீனியோடு வந்த துணி ஒரு கட்டம் போட்ட ஆம்பளைச் சட்டை. பாண்டிலட்சுமி வேலை நேரத்தில் சேலைக்கு மேல் போட்டுக்கொள்வது. மிளகு படுத்திருந்ததும் அழகுமீனாவின் வேலைச் சட்டைதான். பட்டாசு வேலைக்குப் போகிற வீட்டில் இத்துப்போன சட்டை கூண்டுக்குப் போகாமல் வேறெங்கே போகும்? யோசிக்காமல் மாற்றிப் போட்டாள். பாண்டிலட்சுமியின் சட்டை மிளகுக்கு வந்தது. அவளுடைய சட்டை பாண்டிலட்சுமியின் முயலுக்குப் போனது.

மறுநாளே வீட்டுக்குள் வாசம் வந்துவிட்டது. முதலில் கந்தகம், அதற்கு அடியில் நாக்கில் துட்டை வைத்தது மாதிரி அலுமினியப் பொடியின் உலோக நெடி, அதற்கும் அடியில் உச்சி வேளையில் ஓடு காயும் அறைக்குள் நாலு பெண்கள் உட்கார்ந்திருக்கும் வியர்வை, எல்லாவற்றுக்கும் அடியில், சந்தேகத்துக்கே இடமில்லாமல், பாண்டிலட்சுமி பேனுக்குப் பயந்து தலையில் தேய்த்துக்கொள்ளும் வேப்பெண்ணெய். சட்டையில்தான் அடிக்கிறது என்று கூண்டுக்குள் குனிந்து மோந்து பார்த்தாள். சட்டையில் வெறும் முயல் வாசம். அடுப்படி, பாய், கொடித் துணி என்று ஒவ்வொன்றாக மோந்துகொண்டு போனவளை மாரிக்கண்ணன் சாப்பாட்டுத் தட்டோடு நின்று பார்த்தான்.

"எதுக்கு வீட்டையே மோந்துக்கிட்டுத் திரியுற? ஒந்தலையிலதான் வேப்பெண்ணெ அடிக்குது."

அவள் வேப்பெண்ணெய் தேய்ப்பதே கிடையாது. இரண்டு தடவை சீயக்காய் போட்டுக் குளித்தாள். ஈரத்தலையை முன்னால் இழுத்து மோந்தபோது அந்த வாசம் இன்னும் கூடியிருந்தது.

ஆறாம் நாள் முயல்கள் வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஜன்னலுக்குத் திரும்பின. பதினொன்றரை மணி. அழகுமீனா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் கோடு கோடாகக் கிடந்தது. கோடுகளுக்கு நடுவில் ஒரு தலை. துண்டை இறுக்கிக் கட்டிய தலை, வேலை நேரத்தில் பெண்கள் கட்டுவது போல. அசையவில்லை. தெருவில் போகிறவர்களின் நிழல் நகரும். இது நின்றது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்ப்பவளின் நிழல்.

முறத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஜன்னலின் இரண்டு கம்பிகளில் மட்டும், ஆள் கைவைக்கும் உயரத்தில், வெள்ளி நிற அலுமினியப் பொடி அப்பியிருந்தது. வெயிலில் காய்ந்த கம்பி தொட்டால் சுட வேண்டும். அந்த இரண்டு இடமும் ஈரமாக இருந்தன.

அங்கேயே நின்றபடி அவளுக்கு விளங்கியது. முதலில் வாசம். பிறகு கம்பி. யாரை யாரோடு பழக்கிக்கொண்டிருக்கிறோம் என்று விளங்கியது.

பாண்டிலட்சுமியின் சட்டையைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று மிளகின் கூண்டைத் திறந்தாள். கை வரவில்லை. அன்றைக்கு அவளை உள்ளே விட்டுவிட்டு ஓடி வந்தாள். இன்றைக்கு அவளைத் தூக்கி வெளியே போடுவதா? அழகுமீனா கூண்டின் முன்னால் உட்கார்ந்து, சத்தம் வராமல் சேலைத்தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதாள். சொல்லிருவேன் பாண்டி, வெள்ளிக்கிழமை சொல்லிருவேன் என்று மிளகின் காதில் சொன்னாள். மிளகு காதை மடக்கிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை மாரிக்கண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான். அவள் ஜன்னலைச் சாத்தினாள். கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். முயல்கள் சேர்ந்துவிட்டால் மற்றதும் அடங்கிவிடும் என்று ஒரு நப்பாசை. போனை மடியில் வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, இரண்டு கூண்டுகளையும் திறந்தாள்.

சண்டை நடக்கவில்லை. சீனி மெதுவாக வந்து மிளகின் முன்னால் தலையைத் தரையோடு தாழ்த்தியது. மிளகு சற்று யோசித்தது. பிறகு அதன் நெற்றியை நக்கிக்கொடுத்தது. சேர்ந்துவிட்டன. அழகுமீனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அப்புறம் இரண்டும் திரும்பின. அவளுக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில், ஒன்றுமில்லாத இடத்துக்குப் போயின. அங்கே பக்கத்தில் பக்கத்தில் படுத்து, தலையைத் தாழ்த்தின.

சீனியின் காதுகள் மெல்லப் பின்னால் படிந்தன. நிமிர்ந்தன. மறுபடி படிந்தன. யாரோ தடவுகிற வேகத்தில். வெள்ளை முதுகில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. நாலு கோடு. நாலு விரல்.

போன் அடித்தது.

"அழகுமீனாவாம்மா? ரைட்டர் பேசுறேன். வாசிக்கிறேன், கேட்டுக்கோங்க." அவர் வாசித்தார். தேதி. நேரம், பகல் பதினொன்றரை. அறை எண். "மேற்படி பாண்டிலட்சுமி மருந்துத் தட்டைத் தரையில் இழுத்ததில் தீப்பற்றியது. இதுல மாத்த வேண்டியது எதுவும் இருக்கா? இப்ப அனுப்பிட்டா அம்புட்டுதான்."

வாயைத் திறந்தாள். வேப்பெண்ணெய் வாசம் வாய்க்குள் வந்தது. தடவுவது நின்றுவிட்டது. முயல்கள் அசையவில்லை. எதிரில் இருப்பதும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வார்த்தை. நான்தான் சார். அவ்வளவுதான். நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் நாளை முதல் ஊர் அவளைப் பார்க்கும். இசைவாணி பார்ப்பாள். எதிரில் இருப்பதைவிட அந்தப் பார்வைக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

"ஒண்ணுமில்ல சார்" என்றாள். "அவதான் இழுத்தா."

"சரிம்மா."

போன் வைக்கப்பட்டது.

முயல்கள் இரண்டும் எழுந்தன. ஆளுக்கொரு பக்கம் விலகி, வழிவிட்டன.

அடி விழும் என்று கண்ணை மூடினாள். கடி. நெருப்பு. எதுவும் வரவில்லை. தரையில் ஏதோ உரசியது. மெதுவாக. கிட்டத்தில். இன்னும் கிட்டத்தில்.

தொடையில் பாரம் ஏறியது. சூடாக.

ஒரு தலை அவளுடைய உள்ளங்கைக்கு அடியில் நுழைந்தது. குனிந்து, அப்படியே நின்றது. காத்திருந்தது.

அழகுமீனா தடவிக்கொடுத்தாள்.

வேப்பெண்ணெய்ப் பிசுக்கோடு முடி கையில் வந்தது. அவள் நிறுத்தவில்லை. நிறுத்தத் தைரியம் இல்லை. தலை ஒரு பெருமூச்சு விட்டு, இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து, அவள் மடியில் வசதியாகப் படுத்துக்கொண்டது.