தூளில் பதிந்த கை

1973ஆம் ஆண்டு மார்ச் மாதம், கும்மிடிப்பூண்டியில் கல்கத்தா ரோட்டை ஒட்டிய ஒரு மர ஆலையில், பச்சையப்பன் என்ற தொழிலாளி ரௌட்டர் மெஷினில் வலது கையின் நடுவிரலையும் மோதிர விரலையும் இழந்தார். ஜன்னி கண்டு ஒரு வாரத்தில் மெட்ராஸில் இறந்தார். விரல்கள் கிடைக்கவில்லை.

ஏப்ரலில் அந்த மெஷின் வரதன் கைக்கு வந்தது.

பார்க்க அது ஓர் இரும்பு மேசைதான். நடுவில் ஓர் ஓட்டை. அதன் வழியாக, மரத்தை வெட்டும் அலகான கட்டர், விரல் தடிமனில் நீட்டிக்கொண்டிருக்கும். மோட்டார் ஓடும்போது கட்டர் சுற்றுவது கண்ணுக்குத் தெரியாது, காற்றில் ஒரு மங்கல் மட்டும் நிற்கும். பலகையை அதன்மேல் தள்ளினால் ஓரத்தில் குழி விழும். அந்த வருஷம் மின்வெட்டு கடுமை. கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாததால் ஆலையில் ஒரு பழக்கம் வந்திருந்தது. கரண்டு போனால் ரௌட்டரின் சுவிட்சை அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் எதிரே சாராள் டீக்கடைக்குப் போவார்கள். கரண்டு வந்ததும் ரௌட்டர் தானாக ஊளையிடும், திரும்பி வருவார்கள். "போங்கடா, அது கூப்புடும்" என்பார் பச்சையப்பன். அவர் மட்டும் போகமாட்டார். சும்மா இருக்கிற நேரத்தில் கட்டரைக் கழற்றி மாற்றலாமே என்று நின்றுவிடுவார். மார்ச்சில் அப்படிக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் அது கூப்பிட்டது.

வரதன் எளாவூர்ப் பக்கம் கூலிக்கு ஏர் ஓட்டியவன். இந்த வேலை போனால் மறுபடி அதே வரப்புதான். மனைவி விக்டோரியாவுக்கு ஆறாம் மாதம். கைகள் இரண்டும் மிஞ்ச வேண்டும் என்பதில் அவன் குறியாக இருந்தான். தோளில் துண்டு போடுவதை விட்டான். கட்டருக்கு மேலே தானே ஒரு மரத் தடுப்பு செய்து மாட்டினான். சிறு துண்டுகளைக் கையால் தள்ளாமல் குச்சியால் தள்ளினான். கரண்டு போனால் சுவிட்சை அணைப்பதோடு, சுவரிலிருந்த பீங்கான் ஃபியூஸ் கட்டையையும் உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஃபியூஸ் இல்லாமல் மெஷின் ஓட வழியில்லை.

மேஸ்திரி சின்னதுரைக்கு இது பிடிக்கவில்லை. "பீஸ் கட்டைய பாக்கெட்ல போட்டுக்கினு மாப்பிள்ளையாட்டம் சுத்துற. கரண்டு வந்தா எங்களுக்கு எப்டிடா தெரியும்? ஜோசியமா பாக்குறது?"

ஃபியூஸ் பையிலேயே இருந்தது.

மே மாதத்தில் ஒரு நாள் டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது ரௌட்டரின் சுவிட்ச் போட்டிருந்தது. அவன் அணைத்துவிட்டுத்தான் போயிருந்தான். சின்னதுரையின் குறும்பு என்று நினைத்துக்கொண்டு மறுபடி அணைத்தான். அடுத்த மின்வெட்டிலும் அப்படியே. இந்தத் தடவை சின்னதுரை டீக்கடையில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், எழுந்து போகவே இல்லை.

பிறகு சத்தம் கேட்டது. சாராள் கடை பெஞ்சில் இருந்தபோது, லாரிகளின் இரைச்சலுக்கு அடியில், மெல்லியதாக, நீளமாக, ஈரப் பலகையைக் கட்டர் கடிக்கும்போது வருகிற அந்த ஊளை. வரதன் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான்.

"எங்கடா ஓடற? கரண்டு வரலயே" என்றாள் சாராள்.

மற்றவர்கள் பேச்சை நிறுத்தவில்லை. யாருக்கும் கேட்கவில்லை என்பது அவனுக்குப் புரிந்தது. ஆலைக்குள் விசிறிகள் நின்றிருந்தன. ரௌட்டர் நின்றிருந்தது. அவன் கட்டர்மேல் விரலை வைத்துச் சட்டென்று எடுத்தான். சுட்டது. மேசைமேல் படிந்திருந்த மரத்தூளில் ஒரு கை பதிந்திருந்தது. கட்டைவிரல், ஆட்காட்டி விரல், சுண்டுவிரல். நடுவில் இரண்டு விரல் இருக்கவேண்டிய இடத்தில் தூள் கலையாமல் இருந்தது.

அவன் அதைத் துடைத்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மெஷினை வேறு ஆளிடம் கொடுப்பார்கள், அவனை வரப்புக்கு அனுப்புவார்கள்.

அந்த வாரத்தில் பச்சையப்பனின் மனைவி எல்லம்மா ஆலைக் கேட்டுக்கு வந்தாள். அழவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"தம்பி, தூளு அள்ளும்போது கொஞ்சம் பாத்து அள்ளுப்பா. அவரு முழு உடம்பாப் போகல. தெனம் கனவுல வந்து கைய நீட்டிக்கினு நிக்கிறாரு."

"இன்னா கேக்கறாரு அக்கா?"

"வாயத் தொறக்க மாட்டேன்றாரு. நீட்டிக்கினே நிக்கிறாரு."

ஆலையின் தூள் எல்லாம் சாராள் கடை மரத்தூள் அடுப்புக்குத்தான் போகும். விரல்கள் என்றைக்கோ டீயாகிவிட்டன என்று சின்னதுரை ஒருமுறை சொல்லப்போய், இரண்டு நாள் யாரும் டீ குடிக்கவில்லை. இருந்தாலும் வரதன் அன்றிலிருந்து தூளைக் கையால் அளைந்து பார்த்தே அள்ளினான். ஒன்றும் இல்லை. கைத்தடம் மட்டும் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் வந்தது. முதலில் மேசையின் எதிர் ஓரத்தில். பிறகு நடுவில். பிறகு அவன் நிற்கிற பக்கம்.

வேலையை விட்டுவிடு என்றாள் விக்டோரியா. குழந்தை பிறக்கட்டும் என்றான்.

ஜூலையில், பழவேற்காடு பக்கமிருந்து மழை ஏறி வந்த ஒரு பிற்பகல், கரண்டு போனது. கட்டர் மழுங்கியிருந்தது. கரண்டு வருவதற்குள் மாற்றி வை என்று சொல்லிவிட்டு சின்னதுரை கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு ஓடினார். மற்றவர்களும் போனார்கள். கூரைத் தகட்டில் மழை கொட்டியது. நனைந்த தேக்கு வாசனையும் மெஷின் எண்ணெய் வாசனையும் கலந்து மூக்கில் ஏறின. பலகை அடுக்குகளுக்கு இடையில் பகல் வெளிச்சம் சாம்பல் நிறமாகி, மூலைகளில் அதுவும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

வரதன் சுவிட்சை அணைத்தான். ஃபியூஸை உருவிப் பையில் போட்டான். சுவிட்சை மறுபடி பார்த்தான். அணைந்திருந்தது. பையைத் தொட்டான். இருந்தது. மரத் தடுப்பைக் கழற்றிக் கீழே வைத்து, ஸ்பானரை நட்டில் மாட்டினான்.

நட்டு ஏற்கெனவே தளர்ந்திருந்தது.

கருகிய மரத்தின் வாசனை வந்தது. எங்கும் எதுவும் ஓடவில்லை. அவன் இடது கையில் ஸ்பானர், வலது கை கட்டர் பக்கத்தில். அந்த வலது கைக்கு அருகில் தூள் அமிழ்ந்தது. முதலில் உள்ளங்கை. பிறகு கட்டைவிரல். ஆட்காட்டி. சுண்டுவிரல்.

அவன் சுவிட்சைப் பார்த்தான். போட்டிருந்தது.

பையைத் தொட்டான். ஃபியூஸ் இருந்தது. குளிர்ச்சியாக, கனமாக.

ஊளை தொடங்கியது. மோட்டார் ஓடவில்லை. மேசை அதிரவில்லை. சத்தம் மட்டும். கட்டர் இருந்த இடத்தில் ஒரு மங்கல்.

கையை எடுக்கவேண்டும். எடுத்தால் போதும்.

புறங்கையில் ஏதோ படிந்தது. மெதுவாகத்தான். பலகை தள்ளக் கற்றுக்கொடுப்பவர் கைமேல் கை வைப்பது மாதிரி. சில்லென்று. மூன்று இடத்தில் மட்டும்.

அது தள்ளியது.

டீக்கடையில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. மழை விட்டதும் சின்னதுரைதான் முதலில் உள்ளே வந்தார். வரதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். உயிர் இருந்தது. நடுவிரலும் மோதிர விரலும் இல்லை. சட்டைப்பையில் ஃபியூஸ் இருந்தது. ஊருக்கு அன்று விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிறகுதான் கரண்டு வந்தது.

சாராள் தன் கடைச் சல்லடையைக் கொடுத்தாள். தரையிலிருந்த தூளை முழுக்கச் சலித்தார்கள். விரல்கள் கிடைக்கவில்லை.

மேசைமேல், ஆள் நிற்கிற பக்கத்தில், தூளில் ஒரு கை பதிந்திருந்தது. ஐந்து விரல்களும் இருந்தன. நடுவில் இரண்டு மட்டும் ஈரமாக இருந்தன.

சின்னதுரை அதைத் துண்டால் துடைத்தார்.