மஞ்சள் குழாய்

அந்த டைவிங் கடை ஒரு காலத்தில் யாரோ குடியிருந்த வீடு. கூடத்தில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. குளியலறைக் கதவைக் கழற்றிவிட்டு, தொட்டி நிறைய மாஸ்க்குகளை ஊறப் போட்டிருந்தார்கள். ஈர ரப்பர் வாடை வாசலிலேயே மூக்கில் ஏறியது. பின்கட்டில் ஒரு மோட்டார் சிலிண்டருக்குள் காற்றை அடைத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் தடதடவென்று ஓடும். பிறகு நின்று, ஸ்ஸ்ஸ் என்று நீளமாக மூச்சு விடும்.

விடுமுறையின் மூன்றாவது நாள். காலை ஒன்பது மணி, சுள்ளென்று வெயில். பயப்பட அங்கே எதுவுமே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இப்போது ராத்திரி மணி இரண்டேகால். அம்மாவும் அப்பாவும் பக்கத்து அறையில் தூங்குகிறார்கள். நான் தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் மூச்சை எண்ணிக்கொண்டே இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு அப்பா ஏக குஷியில் இருந்தார்.

"வீட்ல ஷவர்ல பச்சத் தண்ணி வந்தாலே ஊரக் கூட்டுவா. இவ கடலுக்குள்ள போறாளாம்!"

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க. சும்மா கிறுக்கித் தள்ளாதீங்க" என்றாள் அம்மா.

தம்பிக்கு எட்டு வயது. பத்து வயதாகாமல் உள்ளே விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மூலையில் போய் நின்றான். அவனைச் சமாதானப்படுத்தத்தான் சுவரில் மாட்டியிருந்த அட்டையிடம் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீருக்குள் பேச முடியாதே, அதனால் கையால் காட்டும் சைகைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், கீழே இரண்டு வரி. நான் எதையும் ஒரு வரி விடாமல் படிக்கிற ரகம். மருந்துப் பாட்டில் காகிதத்தைக்கூட விட மாட்டேன். படித்ததை எல்லாம் அவனுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

கடைசிப் படத்தில் ஒருவர் உள்ளங்கையைத் தட்டையாக வைத்துக் கழுத்துக்குக் குறுக்கே, அறுப்பது மாதிரி, இழுத்துக்கொண்டிருந்தார்.

"இது என்னக்கா? கொன்னுருவேன்னு சொல்றாரா?"

"இல்லடா லூசு. எனக்குக் காத்து தீந்து போச்சு, குடுன்னு கேக்கறாரு. எல்லார்கிட்டயும் கூடுதலா ஒரு மஞ்சள் குழாய் இருக்கும். அதைக் குடுக்கணும்."

"தெரியாதவங்க கேட்டாலும்?"

"யார் கேட்டாலும். குடுத்துட்டு, அவங்க கையப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் சேந்துதான் மேல வரணும். நடுவுல விடக் கூடாது."

அவன் கண்கள் பளபளத்தன. அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பென்சில் டப்பா நிறையக் கொண்டுபோய், வெறும் டப்பாவோடு திரும்பி வருகிற பையன் அவன். கேட்டால், "பாவம்மா, அவன் கேட்டான்" என்பான்.

எனக்குச் சொல்லிக் கொடுக்க வந்தவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒல்லியானவர், கரகரத்த குரல். இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி அரை மணி நேரம் பழக்கினார்.

"மூச்ச மட்டும் அடக்காதம்மா. என்ன ஆனாலும் இழுத்து விட்டுக்கிட்டே இரு. நான் பின்னாடி இருந்து உன் சிலிண்டரப் பிடிச்சிருப்பேன். நீ என்னைப் பாக்க முடியாது. ஆனா இருப்பேன். கையில ஒரு தடவ அமுக்கினா, நல்லா இருக்கியான்னு கேக்கறேன். நீ விரல வட்டமாக் காட்டு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் சொல்லிக் கொடுத்தார்.

படகில் கொஞ்ச தூரம் போனோம். அப்பாவும் அம்மாவும் தம்பியும் படகிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். மாஸ்க்கை மாட்டியதும் எனக்கு நேர் எதிரே இருப்பது மட்டும்தான் தெரிந்தது. தண்ணீரில் இறங்கினேன். பின்னாலிருந்து ஒரு பிடி சிலிண்டரை இறுக்கியது.

மெதுவாகத் தாழ்ந்தோம்.

முதலில் பச்சை வெளிச்சம். பிறகு அதுவும் கலங்கி, பழைய பாட்டில் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல ஆனது. உள்ளே அமைதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. என் மூச்சே காதை அடைத்தது. இழுத்தால் ஸ்ஸ்ஸ். விட்டால் பொடபொடவென்று குமிழிகள். எனக்கு மேலே, பின்னால், மாஸ்டரின் மூச்சு. ஸ்ஸ்ஸ். பொடபொட.

கையில் ஓர் அமுக்கல். விரலை வட்டமாகக் காட்டினேன்.

இரண்டு மாடி ஆழத்தில் ஒரு பாறை இருந்தது. அதன் அடியில் ஒரு பிளவு. அதற்குள் வெளிச்சம் போகவில்லை. மீன்கள் பாறையின் மேல்பக்கம் மட்டும் மேய்ந்தன. பிளவின் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு மிதந்தேன். தண்ணீர் சட்டென்று குளிர்ந்தது.

அப்போதுதான் என் வலது தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது.

என் முகத்துக்கு முன்னால் வந்து நின்றது. வெளுத்த கை. ரொம்ப நேரம் ஊறினால் விரல் நுனி சுருங்குமே, அப்படி உள்ளங்கை முழுக்கச் சுருங்கியிருந்தது. விரல்களை நீட்டி, தட்டையாக வைத்து, என் கழுத்துக்குக் குறுக்கே மெதுவாக இழுத்துக் காட்டியது.

காற்று இல்லை. கொடு.

மாஸ்டர் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அட்டையில் படித்ததுதானே! இடுப்போரம் செருகியிருந்த மஞ்சள் குழாயை உருவி, தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினேன்.

வாங்கிக்கொண்டது.

உடனே என் காதுக்குப் பின்னால் இன்னொரு மூச்சு தொடங்கியது. பசியோடு உறிஞ்சுவது போல. ஸ்ஸ்ஸ். ஸ்ஸ்ஸ். அது இழுக்கும்போதெல்லாம் என் வாயில் காற்று கனத்தது.

ஒன்று என்னுடையது. ஒன்று காதோரம். ஒன்று, அதற்கும் மேலே.

எதிரொலி என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் சிலிண்டரைப் பிடித்திருந்த பிடி என்னை மேலே தூக்க ஆரம்பித்தது. மஞ்சள் குழாய் மட்டும் என்னோடு வரவில்லை. விறைத்து நின்று, என்னைக் கீழே இழுத்தது. பாறையில் மாட்டிக்கொண்டது என்று நினைத்து, இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்தேன். ஒரு தடவை வரவில்லை. இரண்டாவது தடவை வந்துவிட்டது.

நான்தான் இழுத்தேன். யாரும் இழுக்கச் சொல்லவில்லை.

படகில் ஏறியதும் தம்பி குதித்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, மூணு எடத்துல குமிழி வந்துச்சுக்கா! ஒண்ணு மாஸ்டரோடது, ஒண்ணு உன்னோடது. இன்னொண்ணு யாரு?"

"ஏதோ மீனுக்கு வாயுத் தொல்லடா" என்றார் அப்பா. அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. என் சிலிண்டரின் மீட்டரை விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இருநூறில் இருந்த முள் நாற்பதுக்கு வந்திருந்தது.

"பதினஞ்சு நிமிஷந்தானே இருந்தோம்…" என்று தனக்குத்தானே முனகினார்.

பிறகு விரல் விரலாக இழுத்துக் கையுறையைக் கழற்றினார்.

கறுப்புக் கையுறை. முழங்கை வரைக்கும்.

"மாஸ்டர்… இத எப்ப போட்டீங்க?"

"படகுலயே. பாறை கிழிச்சிரும்மா. ஏறின பெறகுதான் கழட்டுவேன்."

என் முகத்தைப் பார்த்தவர் மஞ்சள் குழாயைக் கையில் எடுத்தார். நுனியில், பல்லால் கடித்துக்கொள்ள இரண்டு ரப்பர்த் துண்டுகள் இருக்கும். இரண்டும் இல்லை. கடித்துப் பிய்த்த மாதிரி இருந்தது.

மற்றவர்கள் காதில் விழாத குரலில் கேட்டார். "இத நீ வாயில வச்சியா?"

"இல்ல மாஸ்டர். நீங்க கேட்டீங்க… குடுத்தேன்."

"நான் என்ன கேட்டேன்?"

உள்ளங்கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினேன். அவர் சட்டென்று என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"முதல் தடவ வர்றவங்களுக்கு அத நான் காட்டறதே இல்லம்மா." தண்ணீரை எட்டிப் பார்த்தார். "குடுத்தேங்கறியே. மேல வர்றப்ப, அதோட கையப் பிடிச்சிருந்தியா?"

நான் தலையாட்டினேன், இல்லை என்று.

அவர் மஞ்சள் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு, படகைக் கிளப்பச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஒன்பது நாளாகிறது.

முதல் நாள், மாடி ஏறும்போதே பாதியில் நின்றுவிட்டேன். பேச ஆரம்பித்தால் வாக்கியம் முடிவதற்குள் மூச்சு தீர்ந்துவிட்டது. டாக்டர் ஒரு குழாயில் ஊதச் சொன்னார். ஊதினேன். நுரையீரல் அருமையாக இருக்கிறது என்றார். "மூக்குல கடல் தண்ணி போயிருக்கும், சரியாயிடும்" என்றாள் அம்மா. "டைவிங் அடிச்ச வீராங்கனைக்கு மாடிப்படி ஏற முடியலையாம்" என்றார் அப்பா.

படுக்கும்போதுதான் தெரியும். நான் மூச்சை அடக்கிப் பார்ப்பேன்.

நான் அடக்கினாலும் அது நிற்காது.

ஸ்ஸ்ஸ்.

தலைக்குப் பின்னால், காதோரம். முதுகை மெத்தையோடு ஒட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தேன். பின்னால் என்று ஒரு இடமே இல்லாமல் செய்துவிடலாம் என்று. அப்போது மெத்தைக்கு அடியிலிருந்து வந்தது.

நேற்றுக் காலை பல் தேய்க்கும்போது தம்பி கேட்டான்.

"அக்கா, ராத்திரி ஏன் என்கிட்ட அப்படிக் காட்டின?"

"எப்படி?"

வாயில் நுரையோடு, உள்ளங்கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தான்.

"நீதானே? உன் கட்டிலுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு. எனக்குத் தூக்கம் தூக்கமா வந்துச்சு, அதான் குடுக்கல."

அவன் தோள் இரண்டையும் பிடித்துக் குலுக்கினேன்.

"இனிமே யார் அப்படிக் கேட்டாலும் குடுக்கக் கூடாது. என்னை மாதிரி இருந்தாலும் குடுக்கக் கூடாது. புரியுதா?"

"நீதானேக்கா சொன்ன, யார் கேட்டாலும் குடுக்கணும்னு?"

"அது தண்ணிக்குள்ளடா."

"அப்ப வெளியில இருக்கறவங்களுக்குக் காத்து தீந்து போனா?"

எச்சிலைத் துப்பிவிட்டு, கோபமாகப் போய்விட்டான். சத்தியம் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. பள்ளிக்கூட வேன் வந்துவிட்டது.

இன்றைக்கு ராத்திரி எப்போது தூங்கினேன் என்றே தெரியவில்லை. ஒன்றரை மணிக்கு விழிப்பு வந்தது. கண்ணைத் திறக்காமலே மூச்சை இழுத்தேன்.

உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அடிவயிறு வரைக்கும். ஒன்பது நாள் கழித்து முதல் முறையாக, முழு மூச்சு. ஐயோ, எவ்வளவு நன்றாக இருந்தது! இன்னொன்று இழுத்தேன். அடக்கிப் பார்த்தேன்.

காதோரம் சத்தமே இல்லை.

சிரித்துக்கொண்டே கண்ணைத் திறந்து, தம்பி பக்கம் திரும்பினேன்.

அவன் குப்புறப் படுத்திருந்தான். நல்ல தூக்கம். வலது கை மட்டும் தோளுக்கு மேலாகப் பின்னால் நீண்டு, அந்தரத்தில் நின்றது. எதையோ பிடித்துக் கொடுப்பது மாதிரி விரல்கள் மடங்கியிருந்தன.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல்கள் விரிந்தன.

யாரோ வாங்கிக்கொண்டது மாதிரி.

ஓடிப்போய் அவனை உலுக்கினேன். அரைக்கண் திறந்தான்.

"ரொம்ப நேரமாக் கேட்டுச்சுக்கா. பாவம்."

"யாருடா? யாரு கேட்டுச்சு?"

"கை…" என்றான். அடுத்த வார்த்தை வருவதற்குள் அவனுக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. அப்படியே தூங்கிவிட்டான்.

அதிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். அவன் ஒன்று இழுக்கிறான். அவன் விடுவதற்குள் இன்னொன்று இழுக்கிறது. அவன் சின்னப் பையன். அவன் நெஞ்சு என் இரண்டு உள்ளங்கை அகலம்தான். எனக்கே போதவில்லை. அவனுக்கு எத்தனை நாளைக்குப் போதும்?

அம்மாவை எழுப்பலாம். எழுப்பி என்ன சொல்வது?

அவன் இடது கையை என் இடது கையால் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். விட மாட்டேன். வலது கையால்தான் எழுதுகிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பேனாவை வைத்துவிட்டு, அந்தக் கையைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டிப் பார்க்கிறேன். இந்தா, என்கிட்டயே வாங்கிக்கோ என்று.

இதோ, இப்போதும் நீட்டிப் பார்த்தேன்.

யாரும் வாங்கவில்லை.

என் மூச்சு சத்தமே இல்லாமல், சுகமாக வந்து போகிறது. கட்டிலில் ஸ்ஸ்ஸ். கட்டிலுக்கு அடியில் ஸ்ஸ்ஸ்.