பதினேழாம் மனையின் மூலப்படம்

நில அளவை அலுவலகத்தின் படி ஏறும்போதே எக்ஸ்ரேக்காவுக்கு மூச்சு வாங்கியது. காலை வேலையை முடித்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாக எக்ஸ்ரே எடுப்பவள். பெரிய டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லாருக்கும் அவள் எக்ஸ்ரேக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் வீட்டுக்காரர் ஒருவர்தான். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வாசல் தாண்டுவதில்லை. அலைச்சல் மொத்தமும் இவள் தலையில் விழுந்தது.

ஓய்வு பெற இன்னும் பதினெட்டு மாதம். அன்றைக்கே குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்க வேண்டும். அதற்குள் ஒரு மனை வாங்கி, நாலு சுவர் எழுப்பி, தலைக்கு மேல் ஒரு கூரை போட்டாக வேண்டும். இதற்கு முன் நாலு மனை பார்த்தாகிவிட்டது. ஒன்றுக்குப் போக வர வழியே இல்லை. இன்னொன்றை ஒரே ஆள் இரண்டு பேருக்கு விற்றிருந்தான். மூன்றாவதன் அனுமதி எண்ணைத் தேடிப் போனால் அது எங்கேயோ இருந்த ஒரு கோழிப்பண்ணைக்குக் கொடுத்தது. நாலாவதில் அண்ணன் தம்பி வழக்கு, முடிய இன்னும் ஒரு தலைமுறை ஆகும். ஐந்தாவதாக, அவளுடைய தம்பி கொண்டு வந்து காட்டியதுதான் பதினேழாம் நம்பர் மனை. சதுரமான இடம், அகலமான தெரு, கூப்பிடு தூரத்தில் பஸ். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றான் தம்பி. கண்ணை மூடும் அளவுக்கு அவளும் களைத்துத்தான் போயிருந்தாள்.

ஆனாலும் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போய் வில்லங்கச் சான்று கேட்டாள். குமாஸ்தா எண்ணைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் ஒருவர் இதையே பார்த்துவிட்டுப் போனார் என்றார். மனையில் எந்த வில்லங்கமும் இல்லை. மறுநாள், மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகம். அங்கே கோப்பு ஏற்கெனவே மேஜை மேல் விரித்துக் கிடந்தது. ஒருவர் கேட்டார், இப்போதுதான் இறங்கிப் போகிறார், படியில் பார்க்கவில்லையா என்று கேட்டாள் அங்கிருந்த பெண். எக்ஸ்ரேக்கா அப்போதுதான் அந்தப் படியில் ஏறி வந்திருந்தாள். எதிரே ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. அனுமதி, முத்திரை, கையெழுத்து எல்லாம் கச்சிதமாக இருந்தன. கோப்பின் ஓரம் மட்டும் நசநசவென்று ஈரமாக இருந்தது. விரலை மோந்து பார்த்தாள். சேற்று வாடை.

வேறு எவனோ இதே மனைக்கு நூல் விடுகிறான் என்று தம்பி பதறினான். நாளைக்கே முன்பணம் கொடுத்துவிடலாம் என்றான். நில அளவை மூலப்படம் ஒன்றுதான் பாக்கி, அதையும் பார்த்துவிடுகிறேன் என்று அவனை ஒருவழியாக அடக்கிவிட்டுத்தான் இன்றைக்கு வந்திருந்தாள்.

பதிவறைக்காரருக்கு அவளைவிட வயது அதிகம். காம்பு ஒடிந்த கண்ணாடியை நூலால் கட்டிக் காதில் மாட்டியிருந்தார். எண்ணைச் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

"மூலப்படம் மாடியில இருக்கு. கீழ கொண்டு வர முடியாது. நீங்கதான் போய்ப் பார்க்கணும்," என்றார். சாவி கொடுப்பார் என்று கை நீட்டினாள். "பூட்டறதில்லம்மா. மேல ஒருத்தர் உட்கார்ந்திருந்தா, அவர் பாட்டுக்கு இருப்பாரு. பேச்சுக் குடுக்காதீங்க."

யார் என்று கேட்பதற்குள் அவர் முத்திரை குத்தக் குனிந்துவிட்டார்.

மாடியில் ஒரே அறை. இரும்பு அலமாரிகள் சுவர் தெரியாமல் நின்றன. ஒரே ஜன்னல், அதன் கண்ணாடியில் வருடக்கணக்கான தூசி. மணி மூன்றுகூட ஆகவில்லை, உள்ளே அந்தி இறங்கியது போல் இருந்தது. வெளியே மழை பெய்து நாலு மாதமாகிறது. உள்ளே, வெள்ளம் வடிந்த வீட்டின் வாடை அடித்தது.

நீள மேஜையின் கோடியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

மெலிந்த முதுகு. கட்டம் போட்ட சட்டை. மார்போடு அணைத்த பிளாஸ்டிக் உறை. முன்னால் படக்கட்டு ஒன்று விரிந்திருந்தது. தாளைப் புரட்ட அவர் விரலால் எச்சில் தொடவில்லை. தொடத் தேவையும் இருக்கவில்லை. ஒவ்வொரு தாளும் அவர் விரலில் ஒட்டிக்கொண்டு, பிரிய மனமில்லாமல் பிரிந்தது.

அவளுக்கு வேண்டிய கட்டு அதுதான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கால் வலித்தது. மறுபடியும் ஒரு அரை நாள் லீவு கேட்கும் தெம்பு அவளிடம் இல்லை.

"சார், நீங்களும் அந்தப் பதினேழைத்தான் பார்க்கறீங்களா?"

புரட்டுவது நின்றது.

"எல்லாம் சரியா இருக்குங்க," என்றார் அவர், திரும்பாமலே. அயர்ந்த குரல். இரவு முழுக்க வார்டில் விழித்திருந்தவர்கள் விடிகாலையில் அப்படித்தான் பேசுவார்கள். "முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் பார்த்தேன். அனுமதி பார்த்தேன். அளவு பார்த்தேன். எங்க விட்டேன்னுதான் தெரியல."

அவருக்கு இரங்கினாளா, தன் காரியம் ஆக வேண்டுமே என்று நினைத்தாளா, பிறகு அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் போய் அந்தப் படத்தைக் கையில் எடுத்தாள். மெழுகு பூசினாற்போல் மழமழப்பான பழைய வரைதுணி. எந்தத் தாள் கைக்கு வந்தாலும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பது இருபத்தாறு வருடப் பழக்கம். கரண்ட் பில்லைக்கூட அப்படித்தான் படிப்பாள் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். ஜன்னலைக் கையால் துடைத்துவிட்டு, படத்தை அதன் மேல் விரித்தாள்.

மயிரிழை விரிசல் எலும்பில் எப்படித் தெரியுமோ, அப்படித் தெரிந்தது.

பிளேடால் சுரண்டியிருந்தார்கள். மை போய்விட்டது, துணி மெலிந்த தடம் போகவில்லை. வடக்கே ஏதோ மேட்டில் தொடங்கி, வளைந்து, அகன்று, பதினான்கு, பதினைந்து, பதினாறு வழியாக வந்து பதினேழின் நடுவே பாய்ந்து கிழக்கே இறங்கியது ஒரு ஓடை.

"சார், இங்க தண்ணி போற வழி இருந்திருக்கு. சுரண்டிட்டாங்க. கீழ குடுக்கற நகல்ல இது வராது."

நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்கவில்லை. அவர் அவள் தோளருகே வந்துவிட்டிருந்தார்.

குளிர் அடித்தது.

ஒரு கை நீண்டது. நாளெல்லாம் தண்ணீரில் ஊறியதுபோல் வெளுத்துச் சுருங்கிய விரல். அது ஓடையின் தலையில் தொட்டு, வளைவு வளைவாக, மிக மெதுவாக இறங்கியது. பதினேழுக்கு வந்ததும் நின்றது.

"அப்ப நான் சரியாத்தான் பார்த்தேன்."

"சரியாத்தான் பார்த்தீங்க," என்றாள் அவள். "உங்க மேல தப்பு இல்ல."

பெருமூச்சு ஒன்று அவள் கழுத்தில் பட்டது.

திரும்பினாள். அறையில் யாருமில்லை.

படத்தில் விரல் போன தடத்தில் தண்ணீர் கோத்து நின்றது. அவள் பார்க்கப் பார்க்க அது வழிந்தது, கீழ்நோக்கி அல்ல, ஓடை போன வழியில், கிழக்கே.

எப்படிப் படி இறங்கினாள் என்று நினைவில்லை. பதிவறைக்காரர் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவளால் அதைக் குடிக்க முடியவில்லை. அவரே மெல்லச் சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்த மனையை வாங்கி வீடு கட்டியவர்தான் மாடியில் இருந்தவர். ஒரு பேய்மழை நாளில் ஏதோ நகல் வாங்க இங்கே வந்து வரிசையில் காத்திருந்தபோது, அங்கே தண்ணீர் வந்தது. மனைவியும் இரண்டு வயதுக் குழந்தையும் வீட்டில் இருந்தார்கள். மூன்று நாள் இடுப்பளவு தண்ணீரில் தேடினார். இருவரும் கிடைக்கவில்லை. அப்புறம் தினமும் இங்கே வந்து, எங்கே விட்டேன் என்று படங்களைப் புரட்டினார். ஒருநாள் சாயங்காலம் மேஜையில் தலை சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. இடிந்த வீட்டை வழித்துவிட்டு, மனையை வேறு பெயரில் மாற்றி மறுபடி விலைக்கு விட்டிருக்கிறார்கள்.

தாழ்வாரத்தில் நின்று தம்பிக்கு போன் செய்தாள். இரண்டு அலுவலகத்தில் சரி என்று வந்த மனையை வேண்டாம் என்கிறாயே, உனக்கு என்ன ஆயிற்று என்று அவன் கத்தினான். கத்தி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"அந்த இடம் தண்ணியோடதுடா," என்றாள். "நமக்கு வேண்டாம்." பேச்சை வளர்க்கத் தெம்பில்லாமல் வைத்துவிட்டாள்.

தம்பி இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவனே ஒரு மேட்டுநிலத்து மனையைக் கண்டுபிடித்தான். சின்னது, பஸ்ஸுக்கும் நடக்க வேண்டும். எக்ஸ்ரேக்கா மறுபடி ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினாள். எந்த அலுவலகத்திலும் யாரும் முன்னால் வந்து கேட்டுப் போயிருக்கவில்லை.

கடைசியாக நில அளவை அலுவலகம். மாடி அறையில் தனியாக நின்று மூலப்படத்தை ஜன்னலில் விரித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. அறையில் தூசி வாடை மட்டுமே அடித்தது. அன்றைக்குப் பிறகு மேலே யாரும் இல்லை என்றார் பதிவறைக்காரர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். அவருடைய தோள்கள்கூடக் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தன. அந்த மனுஷனாவது ஓய்ந்தாரே என்று நினைத்துக்கொண்டாள். பல மாதங்களுக்குப் பிறகு காலில் வலி தெரியாமல் படி இறங்கினாள்.

வெளியே உச்சி வெயில். வாசல் மண் வெடித்துக் கிடந்தது.

கேட்டருகே ஒரு பெண் நின்றாள். தோளுக்கு மேல் உயர்த்திப் பிடித்த கைகளில் ஒரு குழந்தை. கழுத்தை நீட்டி, மோவாயை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, குதிகால் தரையில் படாமல் நின்றாள். அவள் காலடியில் புழுதி உலர்ந்து பறந்தது.

"அக்கா, உள்ள எங்க வீட்டுக்காரர் பேப்பர் பார்த்துட்டிருப்பாரு. கொஞ்சம் வரச் சொல்றீங்களா?"

அவர் கிளம்பிவிட்டார் என்று சொல்ல எக்ஸ்ரேக்கா வாயைத் திறந்தாள்.

அதற்குள் அந்தப் பெண் கால்விரல் நுனியில் இன்னும் கொஞ்சம் எம்பினாள். குழந்தையை இன்னும் ஒரு சாண் உயரே தூக்கினாள்.

"சீக்கிரம் வரச் சொல்லுங்கக்கா. தண்ணி ஏறுது."