கடைசிப் பெட்டிக்கு வந்தவர்

ஞானஸ்நான விருந்து முடிந்த மறுநாள் காலை, நானும் என் நாத்தனார் அக்லாயாவும் எங்கள் ஊரான ஃபெதெஷ்ட்டிக்குத் திரும்ப ரயில் ஏறினோம். அப்போதே கிரிவெட்ஸ் வீசத் தொடங்கியிருந்தது. பரகான் சமவெளியில் அந்த வடகிழக்குக் காற்றைத் தடுக்க ஒரு மேடு கிடையாது, ஒரு தோப்பு கிடையாது. பனியை அது மேலிருந்து கொட்டாது. பக்கவாட்டில் வாரி இறைக்கும்.

"மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிரலாம்க்கா," என்றேன்.

அக்லாயா பிளாட்பாரத்தில் நின்றவர்களை ஒவ்வொருவராக அளந்துகொண்டிருந்தாள்.

அவள் சுபாவம் அது. என் கணவர் கோர்நெலுக்கு மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தாள். பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்பாள். பாதிரியார் பூசைக்கு வைத்த ஒயினைக் குடிக்கிறார் என்பாள். படுக்கப் போகும்முன் கதவுத் தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்ப்பாள். என்னையே பல வருஷம் அப்படித்தான் பார்த்தாள்.

கடைசிப் பெட்டியில் இடம் கிடைத்தது. எங்கள் அறையில் எங்களைத் தவிர இரண்டு பேர்தான். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பந்தெலிமோன் என்ற பருத்த மனிதர், தொத்திறைச்சி மணக்கும் பையை மடியில் வைத்திருந்தார். ஜன்னல் மூலையில் ஒரு இளம்பெண். கம்பளிச் சால்வையால் மூக்கு, வாய் எல்லாம் சுற்றிக் கட்டி, கண்ணை மட்டும் வெளியே விட்டிருந்தாள்.

"கையில ஒரு பை கூட இல்ல பாத்தியா?" அக்லாயா என் காதில் கிசுகிசுத்தாள். "இந்தக் குளிர்ல யாருடி வெறுங்கையோட பிரயாணம் பண்ணுவா? உன் பர்ஸ மடியில வச்சுக்க."

"அக்கா, அவளுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். அதுக்குத்தான் சொல்றேன்."

பந்தெலிமோன் சிரித்தார். "அப்படியே என் தொத்திறைச்சியையும் காவல் பாருங்கம்மா. நான் ஒரு தூக்கம் போடுறேன்."

அந்தப் பெண் எங்களை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் வண்டி நின்றது.

முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. ஜனவரியில் வண்டி நிற்கும், பனி தள்ளும் எஞ்சின் வரும், மறுபடி கிளம்பும். ஆனால் கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்குக் கீழிருந்த வெப்பக்குழாயின் முனகல் அடங்கியது. பிறகு விளக்கு அணைந்தது. பகல்தான், ஆனாலும் கண்ணாடி முழுக்கப் பனி அப்பிக்கொண்டு, உள்ளே பாலில் முக்கியெடுத்தது போல ஒரு வெளிச்சம். நிழலே விழாத வெளிச்சம். செல்போனில் சிக்னல் செத்துப்போயிருந்தது. காற்று பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்குவதும், திடீரென விட்டுவிட்டு ஒட்டுக்கேட்பதும் போல இருந்தது.

இரும்பு குளிரும்போது ஒரு வாசனை வரும். பல்லில் கூச்சம் எடுக்கும் வாசனை. அது வரத் தொடங்கியது.

பந்தெலிமோன் பிளம் சாராயக் குப்பியை நீட்டினார். நான் ஒரு மிடறு குடித்தேன். அக்லாயா வாங்கவில்லை. அவள் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முழங்கையைக் கிள்ளினாள்.

"எனக்கு வாயில புகை வருது. உனக்கு வருது. அந்த ஆளுக்குச் சிம்னி மாதிரி வருது."

"அதுக்கென்ன?"

"அவளுக்கு வரல."

பார்த்தேன். சால்வை அசையவில்லை. ஒரு துளி ஆவி இல்லை.

"சால்வை கட்டியிருக்காக்கா," என்றேன். என் குரல் எனக்கே நம்பிக்கை தரவில்லை.

அப்போது அறைக்கு வெளியே, பெட்டியின் நடைவழியில் காலடிச் சத்தம் கேட்டது.

நிதானமான நடை. காலியாகக் கிடந்த ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று, பார்த்து, நகர்ந்து வந்தது. எங்கள் கதவு விலகியது. ரயில்வே தொப்பி, கருநீல நீளக் கோட்டு, மழமழவென்று சவரம் செய்த முகம். கையில் விளக்கு, அது எரியவில்லை.

"எழுந்திரிங்க," என்றார் மென்மையாக. "ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்கு. கணப்பு மூட்டி வச்சிருக்கோம். எம் பின்னாலயே வந்தாப் போதும்."

பந்தெலிமோன் பையைத் தூக்கினார். "கடவுள் புண்ணியம். இன்னும் கொஞ்ச நேரம் போனா என் தொத்திறைச்சியோட நானும் விறைச்சிருப்பேன்."

"சார், எங்களுக்கு இன்னும் டிக்கெட்டே பாக்கல," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "டிக்கெட் வேண்டாம்மா. கோர்நெல் அங்க காத்துக்கிட்டிருக்காரு."

நான் எழுந்துவிட்டேன். என் புருஷன் பெயர் கேட்டதும் கால் தானாக எழுந்துவிட்டது.

பின்னாலிருந்து ஒரு கை என் கோட்டைப் பிடித்தது. அந்தப் பெண். அவள் விரலின் சூடு கோட்டைத் தாண்டி என் இடுப்பில் பட்டது. காய்ச்சல் சூடு. சால்வையைக் கீழே இழுத்தாள். ஒரு பக்கக் கன்னம் பன் ரொட்டி போல வீங்கியிருந்தது. வாயிலிருந்து ஆவி கொட்டியது.

"அக்கா," என்றாள் குழறலாக. "பல்லப் புடுங்கியிருக்கு, பேச வரல. அவரு வாயப் பாருங்க."

பார்த்தேன்.

அவர் பேசிக்கொண்டே இருந்தார். "வாங்கம்மா, நேரமாகுது, காத்து இப்பதான் கொஞ்சம் தணிஞ்சிருக்கு." உதடு அசைந்தது. சொல் வந்தது.

மூச்சு வரவில்லை.

அவர் ஷூவைப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"அக்கா, போகாதீங்க," என்று அக்லாயாவின் கையைப் பிடித்தேன். "இவருக்கு அவர் பேரு எப்படித் தெரியும்?"

"என் தம்பி சொல்லித்தான் அனுப்பியிருப்பான், வேற எப்படி? யூனிஃபாரம் போட்டுக்கிட்டு வந்து மரியாதையாக் கூப்பிடுறாரு. அவரச் சந்தேகப்படுற, ஊர் பேர் தெரியாத இவ சொல்றத நம்புற!"

"அக்கா, அவருக்கு மூச்சு..."

"விடுடி கைய! இவகூட உக்காந்து விறைச்சுச் சாகணும்னா நீ சாவு."

வாழ்நாள் முழுக்க எல்லாரையும் சந்தேகித்தவள், சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆள் பின்னால் போனாள். பந்தெலிமோன் எங்களைப் பார்த்து, "புடிவாதம் புடிக்காதீங்கம்மா, வாங்க," என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். காலடிகள் பெட்டியின் பின்கோடிக்குப் போயின. கதவு திறக்கும் சத்தம் கேட்கவில்லை. குளிர்காற்று உள்ளே வரவில்லை.

காலடி மட்டும் நின்றது.

மனசு கேட்காமல் ஓடினேன். பின்கோடியில் யாருமில்லை. கதவு மூடியிருந்தது. அதன் விளிம்பு முழுக்கப் பனிக்கட்டி இறுகியிருந்தது, பல நாள் திறக்காத கதவு போல. கண்ணாடிக்கு வெளியே கைப்பிடி உயரத்துக்கு மேல் பனி குவிந்து கிடந்தது.

அதில் ஒரு சிதைவு கூட இல்லை.

எப்படித் திரும்பி வந்தேனோ. அந்தப் பெண்ணின் பெயரைக்கூட அப்புறம்தான் கேட்டேன். அவளுடைய சால்வையை இரண்டு பேரும் போர்த்திக்கொண்டு, ஒருத்தர் மூச்சை ஒருத்தர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அவள் மூச்சு தெரிகிறதா என்று நானும், என் மூச்சு தெரிகிறதா என்று அவளும்.

இருட்டுவதற்குள் கோடாலிச் சத்தம் கேட்டது. முன் பெட்டியோடு சேரும் கதவு உறைந்து இறுகியிருந்ததை உடைத்துக்கொண்டு மீட்பு ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ரயில்வே கோட்டு போட்ட ஒரு பெண், முகமெல்லாம் சிவந்து, மூச்சிரைக்க.

"உயிரோட இருக்கீங்களா? அந்தக் கதவு தொறக்கவே மாட்டேன்னுடுச்சு. இந்தப் பக்கம் யாருமே வர முடியல."

"உங்க ஆளு வந்தாரே," என்றேன். "ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போனாரு."

அவள் முகம் மாறியது. "எந்த ஆளு? டிரைவர் எஞ்சின விட்டு எறங்கல. இந்த வண்டியில டிக்கெட் பாக்குறவ நான் ஒருத்திதான்."

மறுநாள் பந்தெலிமோனைக் கண்டுபிடித்தார்கள். ஸ்டேஷன் இருந்த திசைக்கு நேர் எதிரே, வெட்டவெளி வயலில், வரிசையில் காத்திருப்பவர் போல உட்கார்ந்த நிலையில். பை பிரிக்காமல் பக்கத்தில் இருந்தது.

அக்லாயா பிழைத்தாள். அன்று ராத்திரி, பனி தள்ளும் எஞ்சினின் முன்விளக்கு வெளிச்சத்தில், தண்டவாளத்தின் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள் என்றார்கள். கையில் காலில் ஒரு விரல் கூடக் குளிரில் விறைத்துக் கறுக்கவில்லை. டாக்டர் அதிர்ஷ்டம் என்றார். கோர்நெல் அழுதுகொண்டே அவளை வீட்டுக்கு அழைத்து வந்தார். அவர் அன்று முழுக்க வீட்டில்தான் இருந்திருக்கிறார். எந்த ஸ்டேஷனுக்கும் போகவில்லை, யாரையும் அனுப்பவில்லை.

"அங்க என்னக்கா நடந்துச்சு?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ரொம்ப நல்ல மனுஷங்க," என்றாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அக்லாயா யாரையும் சந்தேகிப்பதில்லை. பால்காரரைப் பார்த்துச் சிரிக்கிறாள். தாழ்ப்பாள் போடுவதில்லை, போட்டால் எடுத்துவிடுகிறாள். அக்கம்பக்கத்தார், "உங்க நாத்தனா எவ்வளவு தங்கமா மாறிட்டாங்க!" என்கிறார்கள். கோர்நெலுக்குச் சந்தோஷம். நான்தான் இப்போது அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்த வருஷத்தின் முதல் பனி. மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அக்லாயா எழுந்து போய் வாசல் கதவை அகலத் திறந்தாள்.

"வாங்க வாங்க," என்றாள். "எம்புட்டு நேரமா வெளியவே நிக்கிறீங்க."

வாசலில் யாருமில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒரு கிண்ணத்தில் கொதிக்கக் கொதிக்கச் சூப்பை ஊற்றி அதன் எதிரே வைத்தாள்.

"அக்கா, விளையாடாதே," என்றார் கோர்நெல்.

அவள் சிரித்துக்கொண்டே தன் கிண்ணத்தைக் காலி செய்தாள். நாங்கள் தலை நிமிரவில்லை. அடுப்பில் விறகு சடசடத்தது; வியர்க்கிற அளவுக்குச் சூடு. சாப்பிட்டு முடிந்ததும், அந்தக் கிண்ணத்தை எடுத்துக் கொட்டிவிடலாம் என்று நான் எழுந்தேன்.

கவிழ்த்தேன்.

ஒரு சொட்டு விழவில்லை. சூப், அடி வரை பனிக்கட்டியாக இறுகியிருந்தது.