திரும்பி வந்த வாசனை

மூங்கில் கூடையில் மந்தாரை இலை விரித்து அவிக்கும் குடலை இட்லிக்கு மாவு கலக்கும்போதுதான் கமலாட்சி அதை முதலில் கவனித்தாள். நெய்யில் பொரிந்த மிளகும் சீரகமும் சுக்கும் மாவில் விழுந்ததும் எழ வேண்டிய மணம் எழவில்லை. மழையில் ஊறிய குப்பைக்குள் எதுவோ செத்துக் கிடப்பதைப் போன்ற நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. நெய் கெட்டுவிட்டதென்று நினைத்துப் புது டப்பாவைத் திறந்தாள். அதுவும் அப்படியே நாறியது.

கொரோனா காய்ச்சல் விட்டு நாற்பது நாள் ஆகியிருந்தது. காய்ச்சலோடு போன வாசனை ஒரு மாதத்துக்கு மேலாகத் திரும்பவேயில்லை. பிள்ளையார்பாளையத்தில் பதினேழு வருடமாக இட்லி விற்பவள், மாவு புளித்த பதத்தை மூக்காலேயே சொல்லிவிடுபவள். மூக்கு திரும்ப வேண்டும் என்று அவள் வேண்டாத சாமி இல்லை. இப்போது திரும்பியிருந்தது, இப்படி.

தறிக்குழியில் கால் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்த கணவர் சபாபதியைக் கூப்பிட்டு மாவை முகரச் சொன்னாள். அவரும் அவளோடு காய்ச்சலில் படுத்து எழுந்தவர்தான். குனிந்தார். சட்டென்று மூக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் தறிக்குழிக்குள் இறங்கிக்கொண்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் சுகாசினி, முகக்கவசத்துக்கு மேலே களைத்துப்போன கண்களோடு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"எப்போ சரியாவும் டாக்டர்?"

"தெரியலம்மா. சில பேருக்கு மூணு மாசத்துல போயிடுது. சில பேருக்கு வருஷம் ஆயும் போகல."

"எனக்கு ஏன் இப்படி?"

"அதுவும் தெரியல. நோயே புதுசும்மா. நாங்களே இப்பத்தான் கத்துக்கினு இருக்கோம்."

கமலாட்சி வாசல்வரை போய்த் திரும்பினாள். "இதுக்கு மேல வேற எதுனா மாறுமா?"

டாக்டரின் பேனா நின்றது. "தெரியலன்னுதான்மா சொல்லணும்."

அதன் பிறகு ஒவ்வொன்றாக அழுகின. காப்பி சாக்கடையானது. வெந்த சோற்றிலிருந்து சீழ் வாடை வந்தது. சோப்பு, விபூதி, தலையில் வைத்த மல்லிகை, தறியின் பாவு நூலில் பூசிய கஞ்சி எல்லாமே குமட்டின. மந்தாரை இலையைப் பிரித்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாய் தயிர்சோறு விழுங்குவாள். மூன்றாவது வாய்க்குள் எல்லாம் வெளியே வந்துவிடும். இட்லி வியாபாரம் நின்றது. சபாபதியும் தட்டில் வைத்ததை அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். கேட்டால், "சக்கரை வியாதிதான்டி, பசிக்கல" என்பார். காலில் துணி சுற்றிக்கொண்டு நொண்டினார். கேட்டால், "ஆணி கிழிச்சிடுச்சு."

பத்து நாள் கழித்து, ஒரு மத்தியான வேளையில், கமலாட்சி சுவரில் சாய்ந்து கிடந்தபோது அந்த மணம் வந்தது.

முந்திரி நெய்யில் சிவக்கும் மணம். அதற்குள் பச்சைக் கற்பூரம். எத்தனை நாளாயிற்று! கண்ணில் நீர் வந்துவிட்டது. யார் வீட்டில் கேசரி கிண்டுகிறார்கள்? தெருவில் இறங்கினால் மணம் குறைந்தது. உள்ளே வந்தால் கூடியது. சமையல்கட்டைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, பின்கட்டு மூலையில் சாத்தியிருந்த பலகைக்கு அருகே மணம் முற்றியது. எச்சில் ஊறியது. பலகையை நகர்த்தினாள்.

ஊதி வெடித்த பெருச்சாளி. வயிற்றுக்குள் வெள்ளையாய் நெளிந்தன புழுக்கள்.

கத்த வேண்டும் என்று தோன்றியது. ஆனால் சத்தமும் வரவில்லை, வாந்தியும் வரவில்லை. வயிறு உறுமியது, பசியில். எவ்வளவு நேரம் அங்கேயே குந்தியிருந்தாள் என்று தெரியாது. கை நீண்டிருந்ததைப் பார்த்தபிறகுதான் உதறிக்கொண்டு எழுந்தாள். முறத்தில் வாரிக் குப்பை மேட்டில் கொட்டினாள். பினாயிலை ஊற்றித் தேய்த்தாள். தோல் உரியும்வரை கையைக் கழுவினாள். யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

மூன்றாம் நாள் மணம் மறுபடி வந்தது.

பின்கட்டு சுத்தமாக இருந்தது. தொட்டிக்கு அடியில், அடுப்புக்குப் பின்னால், எங்கும் ஒன்றுமில்லை. இந்த முறை மணம் இன்னும் கனமாக, இன்னும் இனிப்பாக இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

தறிச் சத்தம் கேட்கவில்லை. எப்போது நின்றது?

"ஏங்க?"

வேறொரு சத்தம் கேட்டது. மெல்லிய, ஈரமான சத்தம். நாய் தண்ணீர் நக்குவது போல.

போகாதே என்றது மனசு. கால் தறியை நோக்கிப் போனது.

சபாபதி குழிக்குள் அவளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். பாதி நெய்த சேலைக்கு அடியில், காலில் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து கிடந்தது. மஞ்சளும் கருப்புமாய். இடது பாதத்தை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார்.

"இன்னா பண்றீங்க?"

அவர் திரும்பினார். மோவாய் நனைந்து பளபளத்தது. பாதத்தில் இரண்டு விரல்கள் இல்லை. கண்களில் வலியே இல்லை. வெட்கம் மட்டும்.

"உனக்கும் மணக்குதா கமலா?" என்றார், மெதுவாக.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். எச்சில் வழிந்து கழுத்தில் இறங்கியது.

சபாபதி தறிக்குழி விளிம்பில் உட்காரும் பலகையில் சற்று நகர்ந்து, அவளுக்கும் இடம் விட்டார்.