பதினாலு செம்பருத்தியும் நூறு புழுவும்

மாலை 5.10.

கணக்கு வாத்தியார் பசுமைக்குடிலின் பூட்டைத் திறந்து உள்ளே ஓரடி வைத்தார். இரண்டாவது அடி வரவில்லை.

பதினான்கு தொட்டிகளிலும் செம்பருத்திகள் குளித்துத் தலைசீவின மாதிரி பளிச்சென்று நின்றன. மத்தியானம் வரை தண்டெல்லாம் அப்பியிருந்த மாவுப்பூச்சி ஒன்றுகூட இல்லை. அதைத் தின்னட்டும் என்று பன்னிரண்டு மணிக்கு அவர் தன் கையால் விட்ட நூறு பொறிவண்டுப் புழுக்களும் இல்லை.

எலியும் காணோம். எலி பிடிக்க விட்ட பூனையும் காணோம் என்கிற கதை.

5.35. எஸ்.ஐ. வந்தாள். வாத்தியாரிடம் படித்தவள், கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவள்.

“என்ன சார் திருடு போச்சு?”

“புழு.”

நோட்டைத் திறந்தவள் எதுவும் எழுதாமல் மூடினாள்.

“நூறு புழும்மா. வெள்ளையா, உடம்பெல்லாம் பஞ்சு பஞ்சா இருக்கும். மாவுப்பூச்சியைத் தின்னே வளரும். மருந்தடிச்சு எல்லாத்தையும் தீர்த்துட்டான் இவன். சாவியை வைச்சுட்டுக் கிளம்புன்னு சொல்லிட்டேன். நீ ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போ.”

தோட்டக்காரர் கைகட்டி நின்றார். பன்னிரண்டு வருஷ வேலை. அவர் கழற்றி வைத்த சாவி மேசைமேல் கிடந்தது.

“மருந்து அடிச்சீங்களா?”

“இல்ல மேடம். பூச்சியைக் கொல்லப் பூச்சியான்னு சிரிச்சேன். அது உண்மை. சிரிச்சதுக்குக் கேஸ் உண்டா?”

“மத்தியானத்துலேருந்து அஞ்சு வரைக்கும் எங்க இருந்தீங்க?”

“பின்னால எருக்குழி வெட்டினேன்.”

“யாராவது பாத்தாங்களா?”

“மண்புழு பாத்துச்சு.”

“நீங்க சார்?”

“முன்னறையில டியூஷன். இன்னொரு சாவி சமையலறை ஆணியில தொங்குது. நான் எடுக்கும்போது தொங்கின இடத்துலயேதான் இருந்துச்சு.”

“வீட்டுல வேற யாரு?”

“அவ இருக்கா. ஆஸ்பத்திரியில காலை டியூட்டி முடிச்சு ரெண்டரைக்கு வந்தா. தூங்கறா.”

அந்த ‘அவ’வில் ஒரு முறுக்கு இருந்தது. அவர் மனைவி நர்ஸ் என்பது எஸ்.ஐ.க்குத் தெரியும்.

5.50. தரையைப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. மருந்தடித்தால் சொட்டியிருக்கும், செத்தது உதிர்ந்திருக்கும், மூக்கைத் துளைத்திருக்கும். மூன்றும் இல்லை. மாவுப்பூச்சி கசியும் இனிப்புக்கு வாடிக்கையாக வரும் எறும்புகள் மட்டும் தண்டில் ஏறி இறங்கின, கடை பூட்டியிருப்பது தெரியாமல் வந்தவர்களைப் போல. எஸ்.ஐ.யின் நிலைமையும் அதேதான்.

ஒவ்வொரு தொட்டி விளிம்பிலும் விரலகல வெள்ளை ஒட்டுப்பட்டை. அதில் பேனாவால் எண். 1505. 1512. 1520. 1527. பதினான்காவதில் 1641.

“இது என்ன சார்?”

“இவனோட ஏதோ குறி. வித்தியாசம் எடுத்துப் பாத்தேன். ஏழு, எட்டு, ஏழு, ஏழுன்னு ஒழுங்கா வருது. எட்டாவது தொட்டி 1556, ஒன்பதாவது 1603. திடீர்னு நாப்பத்தேழு தாவுது. என்ன தொடர்னே பிடிபடலை.”

“ஐயா, எனக்கு என் வீட்டு நம்பரே ஞாபகம் இருக்காது” என்றார் தோட்டக்காரர்.

எஸ்.ஐ.க்கு ஒன்றும் ஓடவில்லை. சரி, வந்த நேரத்தையாவது குறிப்போம் என்று நோட்டைத் திறந்து எழுதினாள்: 1735.

பேனா அப்படியே நின்றது.

“சார், புழு வாங்கினதை அக்காகிட்ட சொன்னீங்களா?”

“எட்டு நாளாப் பேச்சு இல்லை.”

“ஏன்?”

“‘என்னைவிடச் செம்பருத்திதான் பெரிசா’ன்னு கேட்டா. யோசிச்சுச் சொல்றேன்னேன்.”

6.05. தூக்கக் கண்ணோடு வாத்தியாரின் மனைவி வந்தாள். கையில் லேசாக ஸ்பிரிட் வாசனை.

“தோட்டக்காரரை விட்டுடுங்க சார்” என்றாள் எஸ்.ஐ. “தொட்டியில இருக்கறது காயத்துக் கட்டு மேல ஒட்டற ஒட்டு. கட்டின நேரத்தை அதுல எழுதறது ஆஸ்பத்திரிப் பழக்கம். எங்க ஸ்டேஷன் டயரியும் அப்படித்தான். 1505ன்னா மூணு மணி அஞ்சு நிமிஷம். 1556லேருந்து 1603, ஏழே நிமிஷம். மணிக்கு அறுபதுதானே சார், நூறு இல்லையே. உங்க கணக்கு தப்பினது அங்கதான். ஆணியிலேருந்து சாவியை எடுத்து, வேலையை முடிச்சு, திரும்ப மாட்டினது அக்கா.”

வாத்தியார் 1556லிருந்து 1603 வரை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

“பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொரு இலையா திருப்பித் துடைச்சேன்” என்றாள் மனைவி. “வாயைத் திறக்காத மனுஷனோட வேற எப்படி ராசியாகறது? வெள்ளையா இருந்ததையெல்லாம் எடுத்தேன். அதுல நல்ல வெள்ளை, கெட்ட வெள்ளை உண்டுன்னு எனக்கு யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் மேசைமேலிருந்த சாவியை எடுத்துத் தோட்டக்காரரிடம் நீட்டினார்.

“தப்பு என்னுதுப்பா. வாங்கிக்க.”

தோட்டக்காரர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. “முதல்ல அம்மாகிட்டப் பேசுங்கய்யா. அப்புறம் வாங்கிக்கறேன்.”

வாத்தியார் மனைவி பக்கம் திரும்பினார். எட்டு நாளாகச் சேர்த்து வைத்ததில் எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை.

“விரல் வலிக்குதா?”

“இப்பத்தான் வலிக்குது” என்றாள்.

தோட்டக்காரர் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.